பூட்டிய வீட்டுக்குப் போய்வந்த நாய்

எங்கள் தெருவில் பட்டாளத்துக்காரர் என்று சொன்னால் அது ஒருவரைத்தான் குறிக்கும். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு காலி மனை கிடக்கிறது. பள்ளமான மனை. செராமிக் கம்பெனிகளில் உடைந்ததையும் கோணலாய்ப் போனதையும் டிராக்டரில் கொண்டுவந்து கொட்டி அதை மேடாக்கியிருந்தார்கள். கோப்பை, அகல், பீங்கான் குழாய், வர்ணம் பூசாத வெள்ளைப் பொம்மைகள். மழை பெய்து மண் கரைந்தால் ஒரு முகம் வெளியே தெரியும். அடுத்த மழைக்கு ஒரு கை. விருத்தாசலத்தில் இதெல்லாம் புதிதில்லை. அந்த மனையைப் பார்த்து நான் பயந்தது கிடையாது, ஒரே ஒரு கோடையைத் தவிர.

பட்டாளத்துக்காரருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா அதற்கு முந்தின வருஷம்தான் இறந்தார். ஒரே தங்கையைச் சேத்தியாத்தோப்பில் கட்டிக் கொடுத்திருந்தது. வீட்டில் அவரும் ஒரு நாயும்தான். வடக்கே ஏதோ மலையூரில் வேலை பார்த்தபோது குட்டியாக எடுத்து, பைக்குள் வைத்து ரயிலிலேயே கொண்டுவந்த நாய் அது. கறுப்பு நிறம், அடர்த்தியான முடி, இரண்டு புருவத்தின் மேலும் பழுப்பாக ஒரு பொட்டு. நம்மூர் வெயிலுக்கு அந்த முடி ஒரு தண்டனை. அவர் லீவில் வரும்போதெல்லாம் பின்பக்கம் உட்கார வைத்துக் குளிப்பாட்டுவார்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, ஒரு ஒதவி. இவன கொஞ்ச நாளைக்கு வச்சிக்கிறீங்களா? தங்கச்சி வூட்டுல அது மாமியாருக்கு நாயின்னா ஆவாது. நீங்க வூட்டுலயே இருக்கறதால கேக்கறேன்."

நான் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். என் கணவருக்கு ரயில்வே ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன் வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். மகளைத் திருப்பூரில் கொடுத்துவிட்டோம். நாய் வளர்த்த பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அந்தப் பையன் கேட்கும்போது முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"இந்தத் தடவ எந்த ஊரு தம்பி?"

"பார்டருக்குக்கா. பனி ஊரு. போனு சரியா கெடைக்காது. கெடைக்கறப்ப வீடியோல வரேன், இவன காட்டுங்க."

நாய்க்குத் தமிழ் புரியாது, இந்திதான் புரியும் என்று அப்போதுதான் சொன்னார். 'பைட்' என்றால் உட்காரும். 'ஹாத் தே' என்றால் வலது முன்னங்காலைத் தூக்கிக் கையில் வைக்கும். எனக்கு நாலைந்து வார்த்தை சொல்லிக் கொடுத்தார். அதன் பெயரையும் சொன்னார். அது வாயில் நுழையாத பெயர், நாங்கள் 'டேய்' என்றே கூப்பிட்டோம். நாய் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அதன் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அது இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு மிஷினுக்குக் கீழே, நான் கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் படுக்கப் பழகிக்கொண்டது. மெல்ல மெல்ல எனக்கும் அதன் மூச்சுச் சத்தம் வேண்டியதாகிவிட்டது. அவர் வீடியோவில் வருவார். பின்னால் வெறும் வெள்ளையாக இருக்கும். கூடவே இன்னொரு பையன் முகத்தை நீட்டுவான். ஆந்திராப் பக்கத்துப் பையனாம். சிரித்த முகம். அரைகுறைத் தமிழில் "அக்கா, சாப்ட்டாச்சா?" என்பான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் போல. ஒவ்வொரு தடவையும் அதையேதான் கேட்பான். நாயைப் பார்த்து அவனும் 'ஹாத் தே' என்பான். இது போனின் மேல் காலை வைக்கும். எல்லாரும் சிரிப்போம்.

தை முடிந்த பிறகு போன் வரவில்லை. சிக்னல் இருக்காது என்று விட்டுவிட்டேன்.

பங்குனி வெயில் ஏறியபோதுதான் முதலில் அதைப் பார்த்தேன். உச்சி நேரம். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. என் கணவர் டூட்டிக்குப் போயிருந்தார். நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். காலடியில் தூங்கிய நாய் சட்டென்று தலையைத் தூக்கியது. எழுந்து பின்பக்கம் போனது. நூல் தீர்ந்ததால் நானும் எழுந்து எட்டிப் பார்த்தேன்.

அது காலி மனையைப் பார்த்து, முதுகு நேராக, யாரோ சொன்னதுபோல உட்கார்ந்திருந்தது. பிறகு வலது முன்னங்காலைத் தூக்கியது. தூக்கியபடியே வைத்திருந்தது. எதிரே யாரும் இல்லை. எங்கள் இடுப்பளவு சுவர், அதற்கப்பால் பொம்மை மேடு, அதற்கும் அப்பால் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்த பட்டாளத்துக்காரர் வீடு. காற்றே இல்லை. அந்தக் கால் அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"டேய், யாருடா?" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதன்பின் அது பல நாள் நடந்தது. எப்போதும் உச்சி நேரத்தில், நான் தனியாக இருக்கும்போது. கணவரிடம் சொன்னேன்.

"பூனையப் பாத்திருக்கும்," என்றார்.

"பூனைக்கு ஏங்க கையக் குடுக்குது?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பினார்.

பிறகு மத்தியானத்தில் அது காணாமல் போக ஆரம்பித்தது. சுவரைத் தாண்டிப் போய்விடும். வெயில் இறங்கும் நேரத்துக்குத் தானே வந்துவிடும். ஒருநாள் அப்படி வந்து மிஷினுக்கு அடியில் படுத்தபோது என் பாதத்தில் ஈரம் பட்டது. தடவிப் பார்த்தேன். உடம்பு முழுக்க ஈரம். சோப்பு வாசனை. முடியைச் சீவிவிட்டிருந்தது. காது மடலில் ஒட்டியிருந்த உண்ணிகளை, நான் எத்தனை முயன்றும் எடுக்க முடியாதவற்றை, யாரோ ஒன்றுவிடாமல் எடுத்திருந்தார்கள்.

அந்த வாசனை எனக்குத் தெரியும். லீவில் வரும்போது அவர் குளித்துவிட்டுத் தெருவில் நடந்தால் வரும் வாசனை. பட்டாளத்துக் கேண்டீன் சோப்பு. எங்கள் தெருவில் வேறு யார் வீட்டிலும் அது கிடையாது. நான் நாயைத் தொட்ட கையை விரித்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அந்த ஜாக்கெட்டை முடிக்கவில்லை.

துணி வாங்க வந்த எதிர்வீட்டு அம்மாவிடம் வாய்விட்டுவிட்டேன். அவர் நாயின் புருவப் பொட்டுகளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுக்கு நாலு கண்ணு. நமக்குத் தெரியாததெல்லாம் இதுக்குத் தெரியும். அந்தப் புள்ளைக்குப் போன் போட்டியா?"

"சுவிட்ச் ஆஃப்னு வருது."

அவர் துணியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, "சாயங்காலத்துல வெளக்கேத்தி வை," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குப் புரிந்தது. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பனியில் ஏதோ ஆகிவிட்டது. சேதி வருவதற்கு முன்னால் அவரே வந்துவிட்டார்.

சேத்தியாத்தோப்புத் தங்கைக்குப் போன் போட்டேன். "நல்லா இருக்கேன்னு மெசேஜ் வந்துச்சிக்கா, பேசல," என்றாள். அவளை வீணாகக் கலங்கடிக்க வேண்டாம் என்று நாயின் கதையைச் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் கரண்ட் ரீடிங் எடுக்க ஒருவர் வந்தார். எங்கள் வீட்டை முடித்துவிட்டு அந்த வீட்டின் பக்கச் சுவரில் இருந்த மீட்டரைப் பார்க்கப் போனவர் திரும்பி வந்து கேட்டார்.

"ஏம்மா, அந்த வூட்டுல ஆளு இல்லன்னு சொன்னீங்களே, மீட்டரு ஓடுதே?"

"பட்டாளத்துக்குப் போயிருக்காங்க. பூட்டிதான் கெடக்குது."

"ஃபேன நிறுத்தாம போயிட்டாரு போல," என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்தார். நான் வாசலிலேயே நின்றேன். ஐப்பசியில் பூட்டிய வீட்டில் இத்தனை மாதமும் யாருக்கு ஃபேன் சுற்றுகிறது?

மறுநாள் நாய் எழுந்தபோது நானும் எழுந்தேன். அது சுவரைத் தாண்டிப் பொம்மை மேட்டின் மேல் ஏறியது. நான் தெரு வழியாகச் சுற்றி அந்த வீட்டின் வாசலுக்குப் போனேன். வாசல் கதவில் பெரிய பூட்டு. பூட்டிலிருந்து நிலை வரைக்கும் சிலந்தி வலை. அந்த வலை அறுபடவில்லை. படியில் வெள்ளைத் தூசி படிந்திருந்தது, அதில் ஒரு காலடித் தடம்கூடக் கிடையாது. நாயைக் காணோம். பின்பக்கம் போயிருக்கும். எனக்குப் பின்பக்கம் போகத் தைரியம் வரவில்லை. கதவில் காதை வைத்தேன்.

உள்ளே, தரையில், வால் தட்டும் சத்தம் கேட்டது. மிஷினுக்கு அடியில் நான் தினமும் கேட்கிற சத்தம். தப், தப், தப். அதற்குப் பின்னால் வெறுங்காலால் யாரோ மெதுவாக நடக்கும் சத்தம். நடை கதவை நோக்கி வந்தது. எனக்கு நேரே, பலகைக்கு அந்தப் பக்கம், நின்றுவிட்டது.

நான் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. செருப்பை அந்தப் படியிலேயே விட்டுவிட்டிருந்தேன்.

அன்று மாலை டூட்டி முடிந்து வந்த கணவர் அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பின்கதவும் சாத்தித்தான் இருந்ததாம். பேர் சொல்லிக் கூப்பிட்டாராம். "ஒண்ணுமில்ல, எலி கிலி ஓடியிருக்கும்," என்று சொல்லி என் செருப்பைக் கொடுத்தார். ஆனால் அவரும் அன்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டார். அதன்பின் நாயை மத்தியானத்தில் கட்டிப் போட்டோம். அது குரைக்கவில்லை. அந்தப் பக்கம் பார்த்து மெல்லிய குரலில் அழுதது. அது எனக்குக் குரைப்பதைவிட மோசமாக இருந்தது.

சித்திரையில் ஒரு காலை தங்கை போன் செய்தாள்.

"அக்கா, அண்ணன் அங்க வந்துச்சா? பட்டாளத்துலேருந்து ஆபீசர் பேசினாருக்கா. அது மாசியிலயே லீவுல கெளம்பிருச்சாம். லீவு முடிஞ்சும் வந்து சேரலையாம்."

ஓடுகிற மீட்டர், ஈர முடி, சோப்பு வாசனை, கதவுக்குப் பின்னால் நின்ற காலடி எல்லாம் எனக்குள் வேறு மாதிரி அடுக்கிக்கொண்டன. இத்தனை நாளும் செத்தவரை நினைத்துப் பயந்த எனக்கு, அவர் உயிரோடு இருக்கலாம் என்று தோன்றியபோது வந்தது வேறு பயம்.

"ஒங்கிட்டதானே சாவி இருக்குது? எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்ஸ புடி," என்றேன்.

அவள் வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. என் கணவரும் அன்று வீட்டில் இருந்தார். நாயை அவிழ்த்துக்கொண்டு மூன்று பேரும் போனோம். தங்கை வாசல் பூட்டில் சாவியைச் சுற்றினாள். வலை அறுந்து என் முகத்தில் ஒட்டியது.

உள்ளே இருட்டு. ஜன்னல் கண்ணாடிகளில் எல்லாம் பேப்பர் ஒட்டியிருந்தது. நாய் எங்களை விட்டு நேராக உள் அறைக்கு ஓடியது. வீடு அசிங்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. தரை துடைத்துச் சுத்தமாக இருந்தது. சுவரில் யூனிபார்ம் தேய்த்துத் தொங்கியது. அதன் கீழே பூட்ஸ் பளபளத்தது. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் செய்திருந்தது. உடம்பு பாதியாக இளைத்திருந்தது.

"வாங்கக்கா," என்றார், நாங்கள் தினமும் வருகிறவர்கள்போல. "டீ போடட்டுமா?"

தங்கை அவர் காலடியில் விழுந்து அழுதாள். அவர் அவள் தலையைத் தடவினார், ஆனால் கண் எங்கேயோ இருந்தது. அவருக்குப் பக்கத்தில் இன்னொரு பாய் விரித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். தலையணையோடு, ஒரு சுருக்கம் இல்லாமல். அதன் முன்னால் ஒரு டம்ளர் டீ, ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. ஆறிப்போனதைக் கொட்டிவிடலாம் என்றோ என்னவோ தங்கை அதை எடுக்கக் கை நீட்டினாள்.

"அது அவனுக்கு," என்றார் மெதுவாக.

எவனுக்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "அக்கா, சாப்ட்டாச்சா" என்று கேட்கிற அந்த முகம் நினைவுக்கு வந்தது.

என் கணவர்தான் அவர் எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். பட்டாளத்துக்காரர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அன்றைக்குக் காவல் டூட்டி இவருடையது. காய்ச்சலாக இருந்ததால் அந்தப் பையன் "நீ படு, நான் போறேன்" என்று போயிருக்கிறான். பனி சரிந்து மூடிவிட்டது. தோண்டி எடுத்தவர்களில் இவரும் ஒருவர்.

"லீவு குடுத்தாங்க. ரயில்ல வரும்போதே எதிர் சீட்டுல அவன் ஒக்காந்திருந்தான் மாமா. பேசல. சும்மா ஒக்காந்திருந்தான்."

"இங்க வந்தவுடனே எங்ககிட்ட வரலாமில்ல தம்பி?" என்றேன்.

"வந்தேங்க்கா. ஒங்க கேட்டு வரைக்கும் வந்தேன். நீங்க இவனுக்குச் சோறு வச்சிக்கிட்டு இருந்தீங்க. உள்ள வந்தா நீங்க கேப்பீங்க, எப்ப தம்பி வந்தே, எப்ப திரும்பிப் போறேன்னு. எல்லாரும் மொதல்ல அதத்தான் கேப்பாங்க. எனக்குப் பதில் இல்ல. அப்படியே பின்பக்கமா வந்துட்டேன்."

பின்கதவுச் சாவி அவரிடம் இருந்திருக்கிறது. சமையலறை ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்துக்கொண்டு எங்கள் கொல்லையைப் பார்ப்பாராம். மத்தியானத்தில் யாரும் இல்லாதபோது சின்னதாக நாக்கைச் சொடுக்கி, கையைக் காட்டுவாராம். எனக்குக் கேட்காத சத்தம் அந்த நாய்க்குக் கேட்டிருக்கிறது. விடியலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஜங்ஷன் பக்கம் போய்ப் பாலும் அரிசியும் வாங்கி வந்திருக்கிறார்.

"ஒங்கள அங்க பாத்தேன் மாமா. கொடியோட நின்னுக்கிட்டு இருந்தீங்க. பக்கத்துலயே தாண்டிப் போனேன். நீங்க பாக்கல."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது நாய் அவர் முன்னால் போய் உட்கார்ந்து முன்னங்காலைத் தூக்கியது. அவர் பிடித்துக் குலுக்கிவிட்டார். பிறகு அது திரும்பியது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, யாரும் கை காட்டவில்லை. காலியாக இருந்த அந்தப் பாயின் முன்னால் போய் உட்கார்ந்து மறுபடி காலைத் தூக்கியது. தூக்கியபடி காத்திருந்தது. அவர் இத்தனை நாளில் பழக்கியிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த மத்தியானத்தில் அந்த அறையில் நின்றபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃபேன் காற்று எங்கள் மூன்று பேர் மேலும் பட்டது. என் கைமயிர் அத்தனையும் நிமிர்ந்திருந்தது.

அன்றைக்கே அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பேப்பரைக் கிழித்து ஜன்னல்களைத் திறந்தது என் கணவர். இரண்டாவது பாயை மட்டும் நாங்கள் தொடவில்லை. அவரே சுருட்டி வைக்கட்டும் என்று காத்திருந்தோம். மறுநாள் சுருட்டினார். தங்கையின் வீட்டுக்காரர் அந்த ஆபீசரிடம் பேசினார். "பயப்படாம அனுப்புங்க, மொதல்ல டாக்டர் பாக்கட்டும்," என்றாராம். என் கணவர் லீவு போட்டுவிட்டு, ரயில்வே பாஸில் அவருடனே வடக்கே போனார். திரும்பி வந்தவர் அந்தப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. "எதிர் சீட்டு காலியா வந்திச்சி. அதுல யாரையும் ஒக்கார விடாம பாத்துக்கிட்டேன்," என்றார்.

பட்டாளத்து ஆஸ்பத்திரியில் பல மாதம் வைத்திருந்தார்கள். லீவு முடிந்தும் சொல்லாமல் இருந்ததற்குத் தண்டனையும் ஏதோ இருந்தது. அது பெரிதாக இல்லை என்று பிறகு சொன்னார். அங்கிருந்து போனில் பேசும்போது முதலில் நாயைப் பற்றிக் கேட்பார், பிறகு மழையைப் பற்றி. ஒருநாள் அவரே சொன்னார், "அக்கா, அவன் ஊருக்குப் போயிட்டு வந்தேன். அவங்க அம்மா கையால சோறு போட்டாங்க. அங்க தின்னுட்டு ஒரு நாள் முழுக்கத் தூங்கினேன்." அந்தக் குரல் பழைய குரலாக இருந்தது. நான் போனை வைத்துவிட்டு நாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அவருக்குச் சமவெளியில் ஒரு ஊரில் ஸ்டோர் வேலை. நம் மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் வந்து நாயைக் கூட்டிப் போனார். ரயில் ஏறும்போது அது என்னைத் திரும்பிப் பார்த்தது, ஆனால் இறங்கவில்லை. நல்லது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் ரொம்ப நாளைக்கு மிஷினுக்கு அடியில் காலை நீட்டாமலேயே தைத்தேன்.

அவர் மனைவி எனக்கு அடிக்கடி போன் செய்கிறாள். நாய் எதைச் சாப்பிடும், வெயில் நாளில் முடியை வெட்டலாமா, இடி இடித்தால் ஏன் அப்படி நடுங்குகிறது என்று கேட்பாள். அவளிடம் அவர் எவ்வளவு சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவள் நாயைப் பற்றி மட்டும் கேட்கிறாள். நானும் நாயைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.